பத்து வருஷம் பிந்திக் கேட்ட கேதம்

1

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: அங்கே குளிர் எப்படி? வின்னிபெக் குளிரைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே போனால் மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறது. பொன்னி மாதிரி ஓர் அரிசி கிடைக்கிறது. கணவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கும் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை. சௌக்கியமாக இருக்கிறோம். அதனால் இந்த முறை குளிரை விட்டுவிட்டு ஒரு படிவத்தைப் பற்றி எழுதுகிறேன்.

போன மார்ச்சில் ஓல்கா செத்துப்போனாள். ஆறு வருஷம் என்னோடு ஒரே மேசையில் நின்று உருளைக்கிழங்கு வெட்டியவள். பெற்றோரோடு உக்ரைனிலிருந்து வந்தவள். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து எங்கள் இருவருக்கு மட்டும் விளங்குகிற ஒரு முழு பாஷையாகிவிட்டது. ரேடியோவை யார் எந்தப் பக்கம் திருப்புவது என்று தினமும் சண்டை. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஞாயிறன்று மார்வலியில் போய்விட்டாள் என்றார்கள்.

அடக்கத்துக்குப் போக அரை நாள் லீவு கேட்டேன். துக்க விடுப்புப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு ஆறு கட்டங்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, மாமனார் மாமியார். ஓல்கா எதிலும் அடங்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்கேலை எடுத்து ஏழாவதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குப் பக்கத்தில் "தினமும் சண்டை போடுபவள்" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு, "இப்படி ஒரு கட்டம் கிடையாதே" என்றார். "கிடையாதுன்னுதானே நானே போட்டேன்" என்றேன். கடைசியில் என் வருஷாந்திர லீவிலிருந்து அரை நாளைக் கழித்துக்கொண்டு விட்டார்.

துக்க மண்டபத்தில் யாரும் அழவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டு, சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் இரண்டு கையையும் நீட்டி, துக்கப்பட்டவர் கையைத் தொட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள். முன்பின் தெரியாத உக்ரைன்காரரை எப்படிக் கட்டிப்பிடிப்பது? ஆம்பிளைகள் மாதிரி ஓல்காவின் மகன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன். அந்தப் பையன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒரு தட்டு எடுத்து, அதில் இரண்டு ரொட்டி வைத்து, என் கையில் கொடுத்துவிட்டான்.

நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன செய்வது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி ஓல்காவுக்காக. மீதிப் பாதி மதுரையில் நான் போகாமல் விட்ட ஒரு வீட்டுக்காக. எங்கள் பக்கம் துக்கம் விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்பது என்போம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் சரியாகிவிடும். கேதத்துக்குப் போகாவிட்டால் அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. நான் போகாதது நூர்ஜஹான் வீட்டுக் கேதத்துக்கு. நாளும் பொழுதுமாக என்னோடு வளர்ந்தவள் அவள். எனக்கு யாரும் அன்றைக்குப் படிவம் நீட்டவில்லை. யாருக்காக அழலாம், யாருக்காக அழக்கூடாது என்று நானேதான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

2

எழுபதுகளின் கடைசி. காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடும் நூருவின் வீடும் எதிரும் புதிரும். நூரு அத்தா என்று கூப்பிடுகிற அவள் அப்பா சமது ராவுத்தர் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். கல்யாணப் பெண்களும் ஹாஸ்டல் பிள்ளைகளும் கொண்டுபோகிற பூப்போட்ட டிரங்குப் பெட்டிகள் செய்கிற இடம். கீழே பட்டறை, மேலே வீடு. ஆறு பேர் வேலை செய்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுதடையும்வரை டங்கு டங்கென்று சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் இருவரும் வாய்ப்பாடு படித்தோம்.

டைப்ரைட்டிங் முடித்து ஒரு நூல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், நான் ஒரு வாசிப்பு வட்டத்தில் போய் விழுந்தேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடை மாடி. பத்துப் பதினைந்து பேர் வருவோம். எனக்குத் தெரியாத உலகத்தையெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வியட்நாம் என்றால் அழுவோம், சிலி என்றால் அழுவோம். எங்கள் வட்டத்துக்குத் தலைவர் மாறன். வீட்டில் வைத்த பெயர் கருப்பையா, பேங்கில் குமாஸ்தா. தங்கமான ஆள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறார்.

"கண்ணீருக்கும் கட்சி உண்டு தோழர்" என்பார். "இந்தப் பக்கமும் அழுது அந்தப் பக்கமும் அழுதா அது இரக்கம் இல்ல, ஏமாத்து."

கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கும். இருபத்திரண்டு வயசு. இரக்கத்தையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் ஒச்சுவின் கை வெட்டுப்பட்டது. ஒச்சு செக்கானூரணிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. தினமும் பஸ் ஏறி வந்து போகிறவர். தகடு வெட்டுகிற மிஷினில் இரண்டு விரல் போய்விட்டது. சமது ராவுத்தர்தான் ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துக்கொண்டார். ஆனால் காயம் ஆறி வந்தபோது மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "ரெண்டு விரலு போனவனை அதே மிஷின்ல விட்டு, மிச்சமும் போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?" என்பது அவர் கட்சி. மிஷினுக்கு ஒரு தடுப்புப் போடுங்கள் என்றால், போடலாம் போடலாம் என்று நாளைக் கடத்தினார். அது தப்புத்தான். இப்போது கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்வேன்.

மற்ற ஐந்து பேரும் வேலையை நிறுத்தினார்கள். ஒச்சுவைத் திரும்ப எடுக்கணும், மிஷினுக்குத் தடுப்புப் போடணும். பட்டறைக்கு எதிரே ஒரு ஓலைப் பந்தல். எங்கள் வட்டம் ஆதரவு கொடுக்க ஓடி வந்தது. நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிறவள் என்பதால் எல்லோரையும்விட வேகமாக ஓடினேன். என் பக்கம் எது என்று மாறனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா.

நூரு முதலில் கோபப்படவில்லை. ஜன்னலிலிருந்து, "ஏன்டி செல்வி, வெயில்ல கருவாடா காயிற, மேல வந்து மோராவது குடிச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டாள். நான் அண்ணாந்து பார்க்காமல் கோஷம் போட்டேன்.

3

நோட்டீஸ் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. "ஒச்சுவின் விரல்கள் பேசுகின்றன" என்று தலைப்பு. ஒச்சுவே தன் வாயால் அழுது சொல்வதுபோல இரண்டு பக்கம். நானே எழுதி நானே அழுதேன். முதலாளியைப் பற்றியும் எழுத வேண்டுமே. கொழுத்த தொந்தி, வெற்றிலைச் சிவப்பேறிய பல், இரத்தம் குடிக்கும் சிரிப்பு என்று எழுதினேன். சமது ராவுத்தர் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். வெற்றிலை போட்டு நான் பார்த்ததே கிடையாது. பதினைந்து வருஷம் தினமும் பார்த்த மனிதரைப் பற்றித்தான் இப்படி எழுதினேன். எழுதும்போது ஒரு சொல்கூடத் தட்டவில்லை.

ஒச்சுவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பந்தலில் வைத்து நானே ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா எனக்கு இம்புட்டு அழுகை வரலையே. எனக்கு வேலைதான வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சுருக்கென்றது. இவருக்குத் தன் துயரம் இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாறனும் அதையேதான் சொன்னார்.

இதைப் பல வருஷம் மறந்தே போயிருந்தேன். ஓல்கா போன இரண்டாவது மாதம் என் மகள் மலர் ஞாபகப்படுத்தினாள். மலருக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் "மெல்". தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், தோசையில் ஓரம் தின்ன மாட்டாள். ஒரு நாள் மாலை வந்து, "அம்மா, இண்டியால நீ சாப்பிடாம இருந்தப்ப வயிறு எப்படி இருந்திச்சு?" என்று கேட்டாள்.

"யாருடி சாப்பிடாம இருந்தா? உங்கம்மா நாலு வேளை தின்னவ."

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் பசித்த நாடுகளுக்காக ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். இந்தியாப் பிள்ளை என்று இவளை முன்னால் உட்காரவைத்து, கையில் ஒரு காலிக் கிண்ணத்தைக் கொடுத்து, படம் பிடித்து, கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் முதல் வேலையாகப் போய் அந்த டீச்சரைப் பிடித்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "உங்கள் மக்களுக்காகத்தானே செய்தோம்" என்றார். பொய் இல்லை, உண்மையிலேயே மனசு உருகித்தான் செய்திருக்கிறார். "அவங்களுக்கு உதவி செய்யுங்க, வேண்டாங்கலை. ஆனா என் பிள்ளை பசியில்லாதவ. அவ கையில ஏன் கிண்ணத்தைக் குடுத்தீங்க?" என்று என் உருளைக்கிழங்கு இங்கிலீஷில் பொரிந்து தள்ளிவிட்டு, படத்தைக் கிழிக்காமல் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜெயித்துவிட்ட ஜம்பத்தோடு பஸ் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை, ஒச்சு சொன்னது காதில் கேட்டது. எனக்கு இம்புட்டு அழுகை வரலையே தாயி. அந்த டீச்சர் என் பிள்ளைக்குச் செய்ததைத்தான் நான் ஒச்சுவுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

4

வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சமது ராவுத்தர் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சந்து முழுக்க ஒரு நொடியில் செய்தி பரவிவிட்டது. என் அம்மா போட்டது போட்டபடி எதிர்வீட்டு மாடிக்கு ஓடினாள். நானும் செருப்பைத் தேடினேன். அதற்குள் மாறன் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

வாசலில் நின்றே பேசினோம்.

"தோழர், நீங்க அங்க போகக் கூடாது" என்றார். "இத்தனை நாள் கோஷம் போட்டுட்டு இன்னிக்குப் போய் அழுதா, தொழிலாளிங்க என்ன நினைப்பாங்க? நம்ம உறுதி மேல நம்பிக்கை போயிரும். கஷ்டம்தான். எனக்குத் தெரியும்."

"நூரு என் பிரண்டு தோழர்."

"தெரியும். ஒச்சுவுக்கு யாரு பிரண்டு?"

நானும் அவரும் இன்னொரு தோழரும் போய்ப் பந்தலில் உட்கார்ந்தோம். தொழிலாளர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பஸ் தாமதம் போல என்று நினைத்தோம். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஆறு பேரில் ஒருத்தரையும் காணோம். வெறும் பந்தலில் சம்பந்தமே இல்லாத மூன்று பேர், கோரிக்கை அட்டைகளைப் பிடித்துக்கொண்டு.

மதியத் தொழுகைக்கு முன்னால் மய்யத்தை எடுத்தார்கள். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டி கதவைத் தாண்டி வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். முன்பக்கம் இடது தோளில் ஒச்சு. விரல் போன கையால்தான் கட்டையைப் பிடித்திருந்தார். தலையில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும். செய்தி கேட்டதுமே பின்வாசல் வழியாக வந்து, தண்ணீர் சுமந்து, பெஞ்சு தூக்கிப் போட்டு, எல்லா வேலையும் அவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். பந்தலைக் கடக்கும்போது ஒச்சு எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவர்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற ஆச்சரியம் மட்டும்தான்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பன்னிரண்டு நாளும் பார்க்காத அந்த ஜன்னலை அன்றைக்குப் பார்த்தேன். நூரு நின்றுகொண்டிருந்தாள். அவள் அத்தா போகிற திசையைப் பார்க்கவில்லை, பந்தலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு நூருவிடம் வெட்கம் வருவதற்கு முன்னால் ஒச்சுவின் மேல் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே நான் போகாமல் இருக்கிறேன், நீ பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாயே என்று. அவர்களுக்காக அழுது அழுது, அவர்கள் எதற்கு அழ வேண்டும் என்பதையும் நாங்களே சொல்லலாம் என்று நினைக்க ஆரம்பித்திருந்தோம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சேலை மாற்றி, பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் வரலை?"

நான் மாறன் சொன்னதைச் சொன்னேன். கண்ணீருக்கும் கட்சி உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"பொணத்துக்கு என்னடி கட்சி?" என்றாள். அவ்வளவுதான். பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் பாத்தியா ஓதி முடிந்தது. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆறு பேரும் பந்தலில் வந்து உட்கார்ந்து, அதே கோரிக்கை அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். மாறனுக்குத் தலை சுற்றியது.

"என்ன ஒச்சு, அன்னிக்குத் தோள் குடுத்தீங்க, இன்னிக்கு மறுபடி இங்க?"

"ஆமா தோழரே. மொதலாளி கூடத்தான சண்டை? மௌத்தானவரு கூட என்ன சண்டை?"

"அப்ப இப்ப யாரு கூட?"

"அவுக மச்சினன் கல்லாவுல உக்காந்திருக்காருல்ல, அவரு கூட" என்றார் ஒச்சு. "மிஷினுக்கு இன்னும் தடுப்புப் போடலையே."

ஒரு வாரத்தில் தடுப்புப் போட்டார்கள். ஒச்சுவையும் வேலைக்கு எடுத்தார்கள். என் நோட்டீசால் அது நடந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு நூரு வீட்டுப் படி ஏறத் தைரியம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. பிறகு எனக்குக் கல்யாணம், கனடா, மலர். மாறன் திருவிழா மாதிரி வருஷத்துக்கு ஒரு தபால் அட்டை போடுவார். வட்டம் எப்போதோ கலைந்துவிட்டது.

5

இந்த ஜூலையில் மூன்று வாரம் ஊருக்குப் போனேன். அம்மா இப்போது ஆனையூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். போன மறுநாளே, "நூரு வீட்டுக்குப் போகணும்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு வருசம் கழிச்சா?" என்றாள். பிறகு, "மதியத்துக்கு மேல போகாத, பொழுதோட போ. பலகாரம் கிலகாரம் ஒண்ணும் வாங்கிட்டுப் போயிராத, கேதத்துக்குப் போறவ வெறுங்கையோடதான் போகணும். கெளம்பும்போது வாரேன்னு சொல்லிடாத" என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிந்தினாலும் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

மலரை அம்மாவிடம் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். சந்துக்குள் நுழையும்போதே டங்கு டங்கென்று சத்தம். பட்டறையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். மேஸ்திரி ஸ்டூலில் ஒச்சு. தலை நரைத்துவிட்டது.

"வாங்க தாயி. நல்லாருக்கீகளா? இன்னும் நோட்டீசு எழுதுறீகளா?"

"இல்லண்ணே. உருளைக்கிழங்கு வெட்டுறேன்."

"அது நல்ல வேலை" என்றார். "மேல போங்க. நூரு அங்கதான் இருக்கு. இப்ப அதுதான் எங்க மொதலாளி. வீட்டுக்காரரு சவூதியில இருக்காரு. போன மாசம்கூட நாலு நாள் பந்தல் போட்டோம், கரெக்டா பேசி முடிச்சிருச்சு."

படியேறினேன். நூரு கதவைத் திறந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"செல்வியா? உள்ள வா" என்றாள். சிரிக்கவில்லை.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். யோசித்துச் செய்யவில்லை, தானாக வந்தது. அவள் அசையாமல் நின்றாள். என்னைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் அழுது ஓய்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப அழுதியே, யாருக்காண்டி அழுத?"

"நூரு..."

"இல்ல, கேக்குறேன். எங்க அத்தாவுக்காண்டியா, நீ வராமப் போனதுக்காண்டியா?"

பத்து வருஷமாக அதைத்தான் கேட்கவேண்டும் என்று வைத்திருந்தாள் போல. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றேன். "ரெண்டாவதுக்குத்தான் கூட."

"அதுக்கு நான் என்னடி செய்ய? அதை நீதான் வச்சுக்கணும்." குரலில் சூடு இல்லை. கணக்குத் தீர்க்கிற மாதிரியும் இல்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். "எங்க அத்தாவுக்குன்னா, சொல்லு, கேக்குறேன். அவுகளைப் பத்தி ஒண்ணு சொல்லு. வர்றவுக எல்லாம் ஒண்ணையேதான் சொல்றாக. நல்ல மனுசன், அஞ்சு வேளை தொழுவாருன்னு. கேட்டுக் கேட்டு எனக்கு அவுக மொகமே மறந்துரும் போல இருக்கு. நீ இந்த வீட்டுலயே கெடந்தவ. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

வாயைத் திறந்தேன். என் மனசில் வந்து நின்றது தொந்தியும் வெற்றிலைப் பல்லுமாக ஒரு ஆள். நான் எழுதிய ஆள். அந்த ஆளை விலக்கிவிட்டுப் பின்னால் பார்க்க முயன்றேன், யாரும் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கேதத்துக்குப் போகாததுகூடப் பெரிசில்லை, மனிதரையே தொலைத்துவிட்டேனா?

நூரு அவசரப்படுத்தவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிமெண்டுத் தரையின் வெடிப்பில் வரிசையாக எறும்பு போய்க்கொண்டிருந்தது.

"நூரு, உங்க அத்தா சட்டைப் பையில எறும்பு ஊறும்" என்றேன்.

"என்னது?"

"அவருக்குச் சர்க்கரைன்னு உங்கம்மா இனிப்பையெல்லாம் பூட்டி வச்சிருவாகல்ல? அப்ப நமக்குப் பதினோரு வயசு இருக்கும். என்னைத்தான் கடைக்கு அனுப்புவாரு. அச்சு வெல்லம் வாங்கிட்டு வரச் சொல்லி. உன்கிட்டச் சொன்னா நீ உங்கம்மாகிட்டப் போட்டுக் குடுத்துருவியாம். வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, பட்டறைக்குப் பின்னால நின்னு, எனக்குப் பாதி குடுத்துட்டுத்தான் திம்பாரு."

நூரு கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு நாள் மதியம் சாப்பிட உக்காந்திருக்காரு. பையில இருந்து எறும்பு வரிசை கட்டி வருது. தோள்ல ஏறி, தாடிக்குப் போகுது. உங்கம்மா பாத்துட்டாக. இவரு தட்டி விட்டுக்கிட்டே, இந்த வீட்டுல எறும்புத் தொல்லை தாங்க முடியலை, பொடி வாங்கிப் போடுன்னு ஒரு சத்தம் போட்டாரு. உங்கம்மாவும் நம்பி..."

"அந்த எறும்புப் பொடியா!" நூரு வீறிட்டாள். "வீடு பூரா ஒரு வாரம் நாறுச்சே! நான் தும்மித் தும்மிச் செத்தேனே! அதுக்கு இதுவாடி காரணம்?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. இப்போது அவளாகவே என் தோளில் சாய்ந்துகொண்டாள். நானும் அழுதேன். இந்தத் தடவை எனக்காக அழவில்லை, ஒல்லியான அந்த மனிதருக்காக மட்டும் அழுதேன். அவர் தாடி, அவர் கள்ளப் பார்வை, பாதியாக உடைத்துக் கொடுத்த வெல்லம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

நூரு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, இங்க வாங்க! அன்னிக்கு எறும்பு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு செல்வி சொல்றா, வந்து கேளுங்க!"

அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காது மந்தமாகிவிட்டதாம். "எந்த எறும்பு?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

கீழே தட்டுகிற சத்தம் வேறு. நான் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னேன்.